கோழிக்கருவும் என் அண்ணன் முழங்காலும்

இந்த ஊரில் பேருந்து மண்டியிடுகிறது. ஒஹையோ மாநிலத்தின் இந்த ஏரிக்கரை நகரத்துக்கு வந்து பதினேழு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. நிறுத்தத்தில் வயதானவர் நின்றால் ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். புஸ்ஸென்று மூச்சு விட்டு வண்டியின் முன்பக்கம் தாழ்கிறது. சாதாரணமாகப் படி பதினான்கு அங்குல உயரம், தாழ்ந்தால் பத்து. அளவு நாடா வைத்துப் பார்த்திருக்கிறேன். சென்ற வாரம் நான் கேட்காமலே எனக்காகத் தாழ்த்தினார்கள். ஓட்டுநர் ஒரு பெண்மணி. முழங்கால் தொந்தரவா என்று கேட்டார். எனக்கில்லை, என் அண்ணனுக்கு என்றேன். அவர் கதவை மூடாமல் காத்திருந்தார். அண்ணன் பின்னால் வருகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். நான் விளக்கவில்லை. உள்ளே பன்னிரண்டு பேர் பொறுமையாக உட்கார்ந்திருக்க, ஆரணியில் இருக்கும் ஒருவருக்காக அந்த வண்டி அரை நிமிடம் மண்டியிட்டு நின்றது.

அண்ணன் ஏழுமலை என்னைவிட நான்கு வயது மூத்தவர். பட்டு நெய்கிறவர். குழித்தறியில் கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு உட்கார்ந்து, மிதிகளை இரண்டு காலாலும் மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். இழை அறுந்தால் கையை ஊன்றி எழுந்து, சுற்றி வந்து முடிந்துவிட்டு, மறுபடி குழிக்குள் இறங்க வேண்டும். ஒரு விடுமுறை நாளில் நான் எண்ணியபோது முப்பத்தொரு முறை எழுந்தார். இதை ஏன் எண்ணினேன் என்று என்னைக் கேட்கக் கூடாது. அவர் நெய்தார், நான் படித்தேன். எம்.எஸ்ஸி. வேதியியல் வரை என்னைத் தூக்கி வந்தவை அந்த இரண்டு கால்கள்தான். மற்றவர்கள் வீடு கட்டும் வயதில், நாற்பத்தாறில், நான் விமானம் ஏறினேன்.

இங்கே எனக்குக் கிடைத்த வேலையும் எண்ணுவதுதான். எங்கள் ஆய்வகத்தில் கோழிக்கருவின் கால் எலும்பை எடுத்து வளர்ப்புத் தட்டில் வைப்பார்கள். கருவில் எலும்பு முதலில் எலும்பாக இருப்பதில்லை; குருத்தெலும்பாக, இளநீர் வழுக்கைபோல் இருக்கிறது. அதிலுள்ள செல்கள் பெருகி, வரிசையாக அடுக்கி நின்று, பிறகு ஒவ்வொன்றாக ஊதிப் பெருத்து முதிர்கின்றன. முதிர்ந்த செல் தன்னைச் சுற்றியுள்ளதைக் கெட்டிப்படுத்திவிட்டுச் சாகிறது. அந்த இடத்தில் எலும்பு வருகிறது. நாம் எல்லோரும் உயரமானது இப்படித்தான். ஆனால் மூட்டின் முனையில் இருக்கும் செல்களுக்கு மட்டும் முதிரும் உரிமை கிடையாது. அவை ஆயுள் முழுக்க இளமையாக, சத்தமில்லாமல், இரண்டு எலும்புக்கு நடுவே மெத்தையாக இருந்தாக வேண்டும். மூட்டு நோயில் அவற்றில் சில, ஐம்பது வயதில், குழந்தையின் செல்போல முதிரத் தொடங்குகின்றன. அப்போது அவை நொதிகளைக் கக்குகின்றன. வாயில் போட்ட சோறு மெல்ல மெல்ல இனிக்கிறதே, அதைச் செய்வதும் ஒரு நொதிதான். அங்கே சோற்றைக் கரைப்பதுபோல் இங்கே மெத்தையின் நாரை அறுக்கிறது. அறுந்த நாரைக் கண்டு பக்கத்துச் செல்லும் முதிர்கிறது. நோய் இப்படியே பரவுகிறது. நான் நுண்ணோக்கியில் குனிந்து, ஊதிய செல் எத்தனை, ஊதாத செல் எத்தனை என்று கட்டைவிரலால் கருவியைத் தட்டித் தட்டி எண்ணுவேன்.

எழுபத்தாறாம் வருடம் அண்ணனிடமிருந்து ஒரு விமானத் தபால் வந்தது. சென்னையில் ஒரு மருத்துவர் அவருடைய முழங்காலைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது, காலெலும்பைக் கொஞ்சம் வெட்டி நிமிர்த்தி வைத்தால் பாரம் நல்ல பக்கத்துக்குப் போய்விடும், இப்போதே செய்வது நல்லது என்று சொல்லியிருந்தார். மாவுக்கட்டோடு சில மாதம் தறியில் உட்கார முடியாது. அண்ணனுக்குப் பயம். நீ மூட்டு ஆராய்ச்சியில் இருக்கிறவன், நீ சொன்னால் செய்கிறேன் என்று எழுதியிருந்தார். கீழே, அண்ணி சிரித்துக்கொண்டு சொன்னது என்று ஒரு வரி: “உன் தம்பி கோழிக் காலுக்கு வைத்தியம் பாத்துகினு இருக்கறாரு, நீ இன்னா கோழியா?”

அந்தத் தபால் வந்த அதே மாதத்தில்தான், நொதியை அடைக்கும் ஒரு பொருளை நாங்கள் வளர்ப்புத் தட்டில் விட்டுப் பார்த்தோம். பொருள் விடாத தட்டில் செல்கள் வழக்கம்போல ஊதின. விட்ட தட்டில் ஊதியவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். மூன்று முறை எண்ணினேன். அன்று மாலையே, அவசரப்படாதே, எலும்பை வெட்ட விடாதே, மருந்து வந்துகொண்டிருக்கிறது, இரண்டு வருடம் பொறு என்று எழுதினேன். பதிலுக்கு அண்ணன் ஒரே கேள்வி கேட்டிருந்தார்: “அங்குலம் சரியா வந்துச்சா?”

எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். புதிய பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றிய நூலில், நெசவு தொடங்கியதும் முதலாளி வீட்டுக் கணக்குப்பிள்ளை லென்ஸோடு வருவார். துணியின்மேல் வைத்து ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவார். சரியாக இருந்தால் போய்விடுவார். மீதி ஆறு கெஜத்தை யாரும் எண்ணுவதில்லை. அதே தறி, அதே பாவு, அதே கை, வேறு எப்படி வரும்? அவர் வருவதற்கு முன்பே நான் எண்ணி அண்ணனிடம் சொல்லிவிடுவேன். என் எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை. “சரியாக வந்துவிட்டது அண்ணா, மூன்று முறை எண்ணினேன்” என்று பதில் போட்டேன். அவர் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

என் மேலதிகாரி ரூத், நல்ல மனம் படைத்தவர். மருந்து எப்போது மனிதர்களுக்கு வரும் என்று தாழ்வாரத்தில் அவரை நிறுத்திக் கேட்டேன். நான் வேடிக்கையாகக் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரித்து, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எழுபத்தெட்டில் விடை தெரிந்தது. கருவின் எலும்பில் வேலை செய்த பொருள், வளர்ந்த விலங்கின் மூட்டில் வேலை செய்யவில்லை. ஒரு நொதியை அடைத்தால் இன்னொன்று அந்த வேலையை எடுத்துக்கொண்டது. முழங்கால் ஒரே பாவில் நெய்தது அல்ல. அதில் ஒவ்வொரு அங்குலமும் வேறு தறி. ஆய்வகத்தில் யாரும் வருத்தப்படவில்லை. இதுவும் ஒரு முடிவுதான் என்று அடுத்த பொருளுக்குப் போனார்கள். நான் போகவில்லை. இன்னொரு முறை எண்ணலாம், எங்காவது தப்பியிருக்கும் என்று எல்லோரும் போனபிறகும் தட்டுகளை எடுத்து எடுத்துப் பார்த்தேன். எண்ணிக்கை தப்பவில்லை.

எண்பத்தொன்றில் ஊருக்குப் போனேன். அதற்குமுன் ஒரே ஒரு முறை நான் போனபோது ஆரணி பேருந்து நிலையத்தில் வந்து நின்ற அண்ணன், அந்த முறை வரவில்லை. அரிசி ஆலைகளின் புழுங்கல் வாசனையோடு சைக்கிள் ரிக்‌ஷாவில் தனியாகப் போய் இறங்கினேன். அண்ணன் நாற்காலியிலிருந்து எழ முயன்று, முடியாமல் கையை மட்டும் நீட்டினார். இரண்டு முழங்காலும் வெளிப்பக்கம் வளைந்து, நடுவில் ஒரு சொம்பு நுழையும். மறுவாரம் சென்னைக்குக் கூட்டிப்போனேன். அதே மருத்துவர் புதிய படத்தைப் பார்த்தார். இரண்டு பக்கமும் தேய்ந்துவிட்டது, இனி வெட்டி நிமிர்த்திப் பயனில்லை என்றார்.

திரும்பும் வழியில் ஆற்காட்டில் வண்டி நின்றது. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் டீயைக் குடிக்காமல் டம்ளரைப் பிடித்திருந்தார்.

“எண்ணினது தப்பா போச்சா?”

“எண்ணிக்கை சரிதான் அண்ணா. எண்ணின எடம் தப்பு.”

“எப்ப தெரிஞ்சிது உனக்கு?”

“மூணு வருஷம் ஆச்சு.”

டீயின்மேல் ஆடை படிந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: “அப்ப ஒரு லெட்டர் போட்டிருக்கலாம் இல்ல.”

அந்த மூன்று வருடத்தில் நான் அவருக்கு நாற்பத்தொரு கடிதம் போட்டிருந்தேன். பனி எத்தனை அங்குலம் விழுந்தது, பேரன் எத்தனை பவுண்டு எடை என்று எழுதியிருந்தேன்.

வீட்டில் அண்ணியிடம் அவரே விஷயத்தைச் சொன்னார். அண்ணி அன்று எனக்குச் சோறு போட்டார், ரசம் ஊற்றினார், மறுசோறு வேண்டுமா என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் என்னைக் கேட்காமல் விட்டது அந்த ஒருமுறைதான்.

இப்போது இங்கே முழங்கால் மூட்டையே எடுத்துவிட்டு உலோகம் வைக்கிறார்கள். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் அறுவை மருத்துவர் ஒருவர், அண்ணனின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள், செய்ய முடிந்தால் செய்துவிடலாம் என்றார். விசா, பயணச்சீட்டு, குளிருக்குச் சட்டை, எல்லாவற்றையும் யோசித்து நான்கு பக்கம் எழுதினேன். வேண்டுமானால் நானே ஆரணிக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதத் தொடங்கி அந்த வரியை மூன்று முறை அடித்தேன். மகள் இங்கே, பேரன்கள் இங்கே. இருபத்தாறு நாள் கழித்து ஒரு சேலைப் பெட்டி தபாலில் வந்தது. உள்ளே எக்ஸ்ரே படமும், அண்ணன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டும்.

“கேட்டதால படம் அனுப்பறேன், பாத்துக்கோ. நான் வரமாட்டேன். அங்க வந்து நடந்து நான் எங்க போவப் போறேன்? எனக்குப் போவ வேண்டிய எடமெல்லாம் இங்கதான் இருக்குது.”

படத்தைச் சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. நல்ல முழங்காலில் அது இரண்டு எலும்புக்கு நடுவே ஒரு வெற்றிடமாகத்தான் தெரியும். நான் பதினேழு வருடம் எண்ணியது அந்த வெற்றிடத்தைத்தான். அண்ணன் படத்தில் அந்த இடைவெளியும் இல்லை. எலும்பின்மேல் எலும்பு உட்கார்ந்திருக்கிறது. மகள் இரண்டு முறை அதை எடுத்துவிடச் சொன்னாள். எடுக்கவில்லை. இன்று காலையிலிருந்து ஜன்னலுக்கு வெளியே பனி பெய்கிறது. என் அண்ணனின் முழங்காலுக்குள் அது விழுந்துகொண்டே இருக்கிறது.