ஏழாவது டேப்

ஆபீசர் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடத் தொடங்கியதும் என் வேலை போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன். எப்படி அங்கே வந்து சேர்ந்தேன் என்று சொல்கிறேன்.

1. வந்தது ஒருவர்

எண்பதுகளில் மலேசியாவில் மெர்போக் பக்கம் ஒரு சிறு நூலகத்தில் வீடியோ அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தற்காலிக வேலை. தத்துவ அறிமுக வகுப்பு, பன்னிரண்டு டேப். ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் ஆங்கிலத்தில் பேசுவார். கட்டணம் கிடையாது.

தலைமை நூலகர் சூசை சொல்லியிருந்தார்: “ஆளு வரணும் தேவா. மூணு மாசத்துல ஆபீசர் வருவாங்க. யாரும் பாக்கலன்னா ரூமு ஸ்டோராயிடும். அப்புறம் உனக்கு வேல இல்ல.”

என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம்.

வந்தவர் அஞ்சலை அக்கா மட்டும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவுபவர். வேலை முடிந்து குளித்துவிட்டு சைக்கிளில் வருவார். முதலில் வந்தது ஏர்கோன் குளிருக்காக, அவரே சொன்னார். ஆங்கிலம் தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டேப்பை நிறுத்தி, எனக்குப் புரிந்ததைத் தமிழில் சொன்னேன். புரியாததையும் சொன்னேன்.

“இந்த மேச நெசமா இருக்கான்னு கேக்குறாருக்கா.”

“போயி இடிச்சுக்கச் சொல்லு லா.”

இதையே சொல்லப் பேராசிரியர் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

ஏழாவது டேப், நல்ல காரியத்துக்குப் பொய் சொல்லலாமா என்பது. அக்கா மூன்று முறை ரீவைண்ட் செய்யச் சொன்னார். ஒரு முடிவும் சொல்லாமல் கிளம்பினார். எனக்கு முடிவு தேவைப்படவில்லை. கோயில் திருவிழா நோட்டீசிலிருந்து முப்பது பெயர்களை, டேப் பார்த்தவர்களாகப் பதிவேட்டில் ஏற்கெனவே எழுதியிருந்தேன்.

2. பெரட்டு

ஆபீசர் ஸ்டெல்லா வந்த அன்று, தோட்டத்திலிருந்து பதினோரு பேரை லோரியில் வரவழைத்தேன். சும்மா உட்கார்ந்தால் போதும் என்றேன். அவர் பெயர் கூப்பிடுவார் என்று நான் நினைக்கவில்லை.

தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது, வராதவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் குரல் கொடுப்பான். அது பழக்கம். பதினோரு பேரும் எழுந்து கைகட்டி நின்றார்கள். முப்பது பெயருக்கும் பதில் வந்தது. முனியம்மாவுக்கு ஓர் ஆண் குரல் “ஐயா” என்றது.

ஸ்டெல்லா தலைகளை எண்ணினார். “உண்மையில பாத்தது யாரு?”

வழக்கம்போல் வந்திருந்த அஞ்சலை அக்கா முன்னே வந்தார்.

“நான் மட்டுந்தான் மேடம். மத்ததெல்லாம் தம்பி எழுதுனது.”

“அவர் வேலை போயிடுமேம்மா.”

“தெரியும் மேடம். நல்ல புள்ளதான். ஆனா நீங்க நேரா கேட்டுட்டீங்க. எனக்கு இன்னும் அஞ்சு டேப்பு இருக்கு. ரூம மூடிடாதீங்க.”

அறை தப்பியது. நான் தப்பவில்லை.

மறுவாரம் பார்வையாளனாகப் போனேன். என் இடத்துக்குப் புதிதாக வந்தவனுக்குத் தமிழில் சொல்ல வரவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

“கோவமா தம்பி?”

“ஆமாக்கா.”

“சரி, ஒக்காரு. இவரு என்ன சொல்றாரு?”

பன்னிரண்டாவது டேப் வரை சொன்னேன். கோபம் பத்தாவதில்தான் போனது. அதன் பிறகு பல ஆபீசுகளில் வேலை பார்த்தேன். ஒரு ஆள் வந்தால் ஒன்று என்றே எழுதினேன். அந்த ஒன்றுக்காக யாரும் என்னை வீட்டுக்கு அனுப்பியதில்லை.