காசிக்குப் படிக்கப் போன கம்பவுண்டர்

சங்கரலிங்கம் காசிக்குப் புறப்பட்டது 1953ஆம் வருஷம், ஆனிக் கடைசியில். அதுவரை சங்கரன்கோவிலில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். வால்டேரில் பி.பார்ம். முடித்தவர். ஊரில் அந்தப் படிப்புக்கு மிக்சர் கலக்கும் வேலைதான் கிடைத்தது.

ஜவுளிக்கடை ஆதம் கேட்டார்: "ஏன்வே, முப்பத்துமூணு வயசுல காசிக்குப் போறீரே, கத்திரிக்காயை விடப்போறீரா, புடலங்காயையா?"

"எதையும் விடப் போகல அண்ணாச்சி. எம்.பார்ம். படிக்கப் போறேன்."

ஆடுதீண்டாப்பாளைதான் அவரை இழுத்தது. மேலநீலிதநல்லூர்க் கரிசலில் தானாக முளைக்கும் கொடி, மகா கசப்பு. பிள்ளைகளின் வயிற்றுப் பூச்சிக்கு அதைத்தான் அரைத்துக் கொடுப்பார்கள். அந்தக் கசப்பில் எது வேலை செய்கிறது என்று டாக்டரிடம் கேட்டார். "பூச்சிக்குக் கேக்குதுல்ல, அது போதும்" என்றார் டாக்டர். சங்கரலிங்கத்துக்குப் போதவில்லை.

மனைவி முத்துமீனாள் ரயிலடிவரை வந்தாள். கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. "முடிச்சிட்டே வாங்க. பாதியில வந்து நிக்காதீய" என்றாள்.

காசியில் ஆய்வுக்கு அந்தக் கொடியையே எடுத்துக்கொண்டார். இலை ஊரிலிருந்து வர வேண்டும். முத்துமீனாள் தன் பிறந்த ஊரான மேலநீலிதநல்லூருக்குப் போய்ப் பறித்து, காயவைத்துப் பார்சல் அனுப்பினாள். முதல் பார்சல் பூஞ்சணம் பிடித்துப் போயிருந்தது. நிழலில் உலர்த்த வேண்டும், மண்ணை உதற வேண்டும் என்று கடிதம் எழுதினார். 'இலையைப் பத்தி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிய. நான் எப்படி இருக்கேன்னு ஒரு வரி இல்ல' என்று பதில் வந்தது.

அதைப் படித்துவிட்டு அன்றைக்கு அவர் ஆய்வுக்கூடத்துக்குப் போகவில்லை. அடுத்த பார்சல் வந்ததும் பிரித்தார். சாக்கின் மடிப்பில் கரிசல் மண் ஒட்டியிருந்தது. தட்டாமல் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். லீவுக்கு வர மூன்று நாள் ரயில், போக மூன்று நாள்; ஆய்வு நின்றுவிடும் என்று இரண்டு வருஷமும் வரவில்லை.

1955இல் பட்டம் கிடைத்தது. அங்கேயே ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கச் சொன்னார் பேராசிரியர். ஒரு நாள் அவகாசம்கூடக் கேட்காமல், ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார் சங்கரலிங்கம்.

வந்து பழைய இடத்திலேயே சேர்ந்தார். முத்துமீனாளைப் பக்கத்தில் பார்க்கப் பார்க்க ஆசை தீரவில்லை. ஆனால் ஆறேழு மாதத்தில் வேறொரு ஏக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. சாப்பிடும்போது சோற்றில் கை நின்றுவிடும்.

"என்ன நினைப்பு?" என்று கேட்டாள்.

"அந்தக் கொடியோட சத்தை இன்னும் சுத்தமாப் பிரிச்சிருக்கலாம். அங்கன இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்."

அவள் மோரை ஊற்றினாள். பிறகு, "எழுதிப் போடுங்க. இந்தத் தடவை நானும் வாரேன்" என்றாள்.

எழுதினார். இடம் நிரம்பிவிட்டது, வருத்தம் என்று பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது. மறு வருஷமும் எழுதினார், அதே பதில். அதற்குப் பிறகு எழுதவில்லை. டாக்டரின் சீட்டைப் பார்த்து மருந்து கலக்கினார். பூச்சிக்கு மருந்து கேட்டு வந்தவர்களிடம் மட்டும் ரெண்டு வார்த்தை கூடப் பேசினார்.

ஆனி பிறந்தால் முத்துமீனாள்தான் கேட்பாள்: "இந்த வருசமும் எழுதலையா?"

"பாப்போம்" என்பார்.