பட்டன் வைத்த மின்சிகரெட்

கல்முனையில் மூட்டுவாத கிளினிக் நடக்கும் இடத்துக்கு வெளியேதான் அவரைச் சந்தித்தேன். வெள்ளைத் தொப்பி, மடிப்புக் கலையாத சாரம், இஞ்சிக் கிழங்கு போல முடிச்சு விழுந்த விரல்கள். வருவோர் போவோரிடமெல்லாம் ஒரு மின்சிகரெட்டை நீட்டுவார்.

“சேர், இந்தப் பட்டனக் கெதியா அஞ்சு தரம் அமத்தித் தாங்களன். அப்பதான் இது வேல செய்யும். என்ட விரல் மூண்டோட நிண்டிரும்.”

“பட்டனே இல்லாமல், இழுத்தாலே வேலை செய்யும் வகை இருக்கிறதே? உங்கள் கைக்கு அதுதான் தோது.”

“ஓம் சேர். வெளிநாட்டுல இருந்து மகள் ரெண்டு வகையையும் போன்ல காட்டித்தான் கேட்டா. பொஞ்சாதிதான் இதத் தெரிஞ்செடுத்தவ. ஊராக்களிட்டக் கெஞ்சினா வெக்கத்துல புகைக்கிறத உட்டிருவேனாம்.”

“வெட்கம் வரவில்லையா?”

“எனக்கா?”

ஆஸ்பத்திரி வளவில் புகைத்தலாகாது என்ற விதியை முழுமையாக எடுத்துச் சொன்னேன். சொல்லிக்கொண்டே ஐந்து தரம் அழுத்தியும் கொடுத்தேன்.

அடுத்த கிளினிக்கில் அவர் யாரையும் கேட்கவில்லை. என் கண் முன்னே தானே ஐந்து தரம் அழுத்தினார்.

“ராவு பகலாப் பழகினன், சேர். விரல் நல்லா மடியுதாம். தான் தந்த பந்த அமத்தினதாலதான் எண்டு உள்ளுக்க பயிற்சி தாற மிஸ் மெச்சினா. நானும் ஓம் எண்டுட்டன்.”

பின்னால் நின்ற மனைவி அதை அவர் கையிலிருந்து எடுத்தார்.

“மாஷா அல்லாஹ், விரல் சுகமாயிட்டுதானே! இனி இது எதுக்கு?”

அது கைப்பைக்குள் போனது. ஸிப் மூடியது.

அவர் அந்தச் சின்னஞ்சிறு ஸிப்பையே பார்த்தபடி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் கிள்ளிப் பழகத் தொடங்கினார்.