கண்டக்டரம்மா நிறுத்திய கேள்வி

பேருந்தில் அவளிடம் யார் வாலும் ஆடாது. கண்டக்டரம்மா ஒரு முறை முறைத்தால் போதும், படியில் தொங்குகிறவர்கள் பெட்டிப்பாம்பாக உள்ளே வந்துவிடுவார்கள். வீட்டிலோ, நாலு வயது மகள் திரைச்சீலைக்குப் பின்னால் போய்க் காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று முகம் சிவக்கும்போது, அந்த முறைப்பு செல்லாக்காசாகிவிடும்.

ஒரு தடவை மலம் கல்லாக இறுகி, புண்ணாக்கிவிட்டு வந்தது. அன்றிலிருந்து பிள்ளைக்குக் கழிப்பறை என்றாலே பேய்வீடு. நாள்கணக்கில் போகமாட்டாள், போனால் ஊரைக் கூட்டும் அழுகை. இடையில் ஜட்டியில் மட்டும் கறை. கண்டக்டரம்மா கெஞ்சினாள், கொஞ்சினாள், ஒரு நாள் கறையைப் பார்த்து அடித்தும் விட்டாள். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் வாயில் வருவது ஒரே கேள்வி: "இன்னிக்குப் போனியா?" அம்மாவைக் கண்டால் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் மகள், இப்போது காலடிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

குழந்தை மருத்துவர் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"அவ முக்கலைம்மா, அடக்குறா. வலிக்குமேன்னு பயம். அடக்க அடக்க உள்ளே இறுகுது. அதைச் சுத்திக் கசியறதுதான் அந்தக் கறை. அவளுக்கே தெரியாம வர்றது."

"வேணும்னே பண்றாள்னு நினைச்சிட்டேனே டாக்டர்!"

"முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைக்கறாங்க. இந்த மருந்து மலத்தை இளக்கும். சரியாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்திடாதீங்க, மாசக்கணக்காகும். சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் உக்கார வைங்க, காலுக்குக் கீழே பலகை போடுங்க. வந்தா சந்தோஷம். வரலைன்னா அந்தப் பேச்சே எடுக்காதீங்க."

மருந்து கொடுப்பது சுலபமாக இருந்தது. வாயைக் கட்டுவதுதான் பெரும்பாடு. அன்று மாலை நாக்கு நுனிவரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டு, கட்டிலைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னிக்கு பஸ்ல ஒரு ஆடு ஏறிடுச்சுடி."

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல்: "டிக்கெட் எடுத்துச்சா?"

அதன்பின் தினமும் ஒரு பேருந்துக் கதை. மகள் பலகையில் கால் ஊன்றி உட்கார, அம்மா கழிப்பறை வாசலில் கவிழ்த்த வாளிமேல் அமர்ந்து அளந்துவிடுவாள். சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. நடுவில் காய்ச்சல் வந்து எல்லாம் பழையபடி இறுகியது. மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டினார். அப்போதும் கண்டக்டரம்மா அந்தக் கேள்விக்கு வாயைத் திறக்கவில்லை.

ஒரு மதியம், நிற்க இடமில்லாத கூட்டத்தில் அவளுடைய கைபேசி அடித்தது; பகலில் மகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியின் எண். கையில் டிக்கெட் மெஷின் இருந்ததால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"அம்மா! நான் போயிட்டேன்! நானே போனேன்! வலிக்கவே இல்லை!"

டிரைவர் பதறிப்போய்த் திரும்பினார். "ஐயையோ, எங்கம்மா போச்சு பாப்பா?"

"போகவேண்டிய இடத்துக்குத்தாண்ணே!"

வெடித்த சிரிப்பில் ஜன்னல்கள் அதிர்ந்தன. முன்சீட்டுக்காரர் கைதட்ட, பின்சீட்டுவரை தொற்றிக்கொண்டது. இமைத்தால் எங்கே நீர் கொட்டிவிடுமோ என்று கண்ணை அகலத் திறந்துவைத்துக்கொண்டு, மகள் மாநிலத்திலேயே முதலாவதாக வந்துவிட்டதுபோன்ற பெருமையில் நெஞ்சை நிமிர்த்தி, கண்டக்டரம்மா கைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி உயர்த்திப் பிடித்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுடி ராஜாத்தி!"