பதிமூன்று படி கேட்ட ஹெச்.எம்.

என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு நான் அதிகம் எழுதியது இரும்பில் சாக்பீஸால் அளவுதான். பிழைகளைப் படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். என் வெல்டிங் பட்டறைக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க ஓர் இரும்புத் தகட்டை முட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒற்றைப் பாதம் வைக்கும் அகலம், ஓரத்தில் அறுத்த தழும்பு. காலையில் அதைக் காலால் நகர்த்தும்போதெல்லாம் ஹெச்.எம். ஞாபகம் வருகிறது. மரியாதையான ஞாபகம் இல்லை.

அவர் எனக்குப் பாடம் எடுத்தவர் இல்லை. ஏதோ ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பள்ளிக்கு மட்டும்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. பால்காரரைக்கூட நிற்க வைத்துக் கேள்வி கேட்பார். செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சின்ன வீடு. மாடியில் ஓர் அறை எழுப்பி, தானும் மனைவியும் அங்கே இருந்துகொண்டு, கீழ்வீட்டை ஆசிரமத்துக்கு வந்து தங்குகிறவர்களுக்கு விடுவது அவர் ஏற்பாடு. வீட்டையெல்லாம் யோசித்தவர் படியை யோசிக்கவில்லை. கூரை போட்ட பிறகுதான் மேலே எப்படிப் போவது என்று என்னைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் மூன்றடி அகலம். நீளத்தில் ஆறடிக்கு மேல் போனால் போர் மோட்டார் இடிக்கும். சாதாரணப் படிக்கு அந்த நீளம் போதாது. சுருள் படி வைக்கலாம் என்றால், அவர் மனைவி, அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. குறுகலில் சுற்றிச் சுற்றி இறங்க முடியாது. ஒரு காபிக் கடைப் பரணுக்கு நான் முன்பே செய்திருந்த அரைப்படியைச் சொன்னேன். வலது காலுக்கு ஒரு தகடு, அடுத்தது இடது காலுக்கு, இப்படி மாறி மாறி ஏறும். பாதி இடம் போதும். பத்தடி உயரத்துக்குப் பத்தங்குலத்துக்கு ஒன்றாகப் பதினொரு படி, பன்னிரண்டாவதாகக் கால் வைப்பது மாடித் தரையில். இரண்டு பக்கமும் கைப்பிடி. அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "ஏர்றது பிரச்சன இல்ல தம்பி. எறங்கும்போது படி எங்கனு கால் தடவிப் பாக்கக் கூடாது. அத மட்டும் பாத்துக்க." நல்ல மேஸ்திரிக்குக்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்ல வராது.

படியை நிறுத்தி, பெயிண்ட் அடிக்கப் போகும் நேரத்தில் ஹெச்.எம். வந்து எண்ணினார். எங்கள் பக்கத்தில் படியை இந்திரன், எமன், ராஜா என்று மூன்று மூன்றாக எண்ணுவார்கள். எமனில் முடியக் கூடாது, எண்ணிக்கை இரட்டைப்படையாகவும் வரக் கூடாது. பதினொன்று எமனில் நின்றது.

"நீ எத்தினியாவது படிச்ச?" என்று கேட்டார்.

"அஞ்சாவது சார்."

"அதான். என் வீட்டுக்கு எமன் படி வெச்சிருக்க. ரெண்டு சேத்துப் பதிமூணு ஆக்கு."

பதிமூன்று வேண்டுமென்றால் எல்லாப் படியையும் பிரித்துச் சமமாக வைக்க வேண்டும். அதற்கு அவருக்குப் பொறுமை இல்லை, மறுநாள் பால் காய்ச்ச வேண்டுமாம். அடியில் ஒரு தகடு, உச்சியில் ஒரு தகடு, ஐந்தங்குலத்தில் இடையே செருகச் சொன்னார். முறைப்படி பார்த்தால் அவை இடது பக்கம் வர வேண்டும். அதுவும் கூடாது, ஏறினாலும் இறங்கினாலும் வலது கால்தான் முதலில் படவேண்டும் என்றார். அப்படியானால் வலதுக்குப் பின் மறுபடி வலது வரும். இடது காலுக்கு அங்கே வேலையே இல்லை. "சார், கால் மாறாது..." என்று ஆரம்பித்தேன். "உனுக்கு வெல்டிங் வெக்கத் தெரிஞ்சா போதும்" என்றார். கதவோரம் நின்ற அந்த அம்மா என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெரிய மனிதர்கள் முன் நாக்கு எழாது. கண்ணாடியை முகத்தில் இழுத்துக்கொண்டு இரண்டு தகட்டையும் பற்றவைத்தேன். அவரைப் பற்றி எவ்வளவு கேவலமாக நினைக்கிறேனோ அதில் ஒரு பங்கு எனக்கும் உண்டு.

பத்து நாள் போகவில்லை. காலையில் கோலமாவு டப்பாவோடு இறங்கிய அந்த அம்மா உச்சிப் படியிலேயே தடுமாறி, கைப்பிடியில் மோதி, பாதி தூரம் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்கள். நான் பார்க்கப் போனபோது படியெல்லாம் வெள்ளை மாவு. ஹெச்.எம். நாற்காலியில் உட்கார்ந்து வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். "எடது கால வெச்சிருப்பா. நூறு தடவ சொன்னேன்." ஊருக்கே ஒழுக்கம் சொன்ன வாய் அது.

அடுத்த பௌர்ணமிக்கு அவர் மத்தியானமே கிரிவலம் கிளம்பினார். அந்த அம்மா எனக்கு ஃபோன் செய்தார்கள். "மெஷின எடுத்துக்கினு வா தம்பி. அவர் அடி அண்ணாமல தாண்டறதுக்குள்ள அந்த ரெண்டையும் அறுத்துடு." அறுத்தேன். ராவி, பெயிண்டும் அடித்தேன். நான் மெஷின் வயரைச் சுருட்டும் முன்பே, கால் வலியென்று பாதியில் ஆட்டோ பிடித்து வந்து நின்றார் ஹெச்.எம். மலையைச் சுற்றியதிலும் அரைப்படி. உதடு அசையப் படிகளை எண்ணினார். முகம் கறுத்தது. மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பதினொண்ணுதாங்க. எமன் வந்தா நான் பேசிக்கிறேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முதல் தடவையாக அவர்மேல் கொஞ்சம் மரியாதை வரப் பார்த்தது. அது இரண்டு நாள்கூட நிற்கவில்லை. "அந்த வெல்டர் படிக்காதவன். கணக்கு தப்பா ரெண்டு படி வெச்சுட்டான், நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அந்தத் தெருவில் எனக்கு அப்புறம் யாரும் வேலை கொடுக்கவில்லை. நான் மறுத்துச் சொல்லவுமில்லை.

அவர் போய்ச் சேர்ந்தது போன வருஷம். எமன் அந்தப் படியில் ஏறவே இல்லை. கீழே, சமதரையில், அதே நாற்காலியில் வைத்துத்தான் கூட்டிப் போனான். இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால் ஒரு மணிக்கட்டு மிஞ்சியிருக்கும்.

போன வாரம் கைப்பிடிக்குப் பெயிண்ட் அடிக்கப் போனேன். அந்த அம்மா டப்பாவோடு இறங்கி வந்தார்கள். வலது, இடது, வலது, இடது. கீழே பார்க்கவே இல்லை.

"தெருவுல அவர் சொன்னது பொய்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல தம்பி?" என்றார்கள்.

"வாய் வரலம்மா."

"வாய் வரலன்னா எழுதியாவது வையேன்."

அதனால் எழுதினேன். அன்று அறுத்த தகடு கதவடியில்தான் இருக்கிறது. காற்று பலமாக அடிக்கிறது, கதவு அசையவில்லை.

புரட்டாசி பௌர்ணமிக்கு மறுநாள், பட்டறையில்.