மிளகாய் மில் மேல் நான் போட்ட பழி

2003 வாக்கில் நடந்தது இது. புனேயில் ஹடப்சர் பக்கம் லேத் பட்டறை வைத்திருந்தேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். பட்டறை கூட்டும் ஆளாக வந்து, பதினோரு லேத்துக்கு முதலாளி ஆனேன். அந்த வரிசையில் இருந்த ஆறு கொட்டகைகளில் நான்கு என்னிடம்தான் வாடகைக்கு இருந்தன. எல்லா மெஷினும் ஓடும்போது நான் ஒரு அதட்டல் போட்டால் கடைசி ஆள் வரை திரும்பிப் பார்ப்பான். குரல் அப்படி.

அந்தக் குரல் கம்மிப்போனது. தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டது மாதிரி நாள் முழுக்கக் கனைப்பேன். "டீசல் ஆட்டோ ஸ்டார்ட் ஆயிடுச்சு டோய்" என்று என் ஆட்களே முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள்.

டாக்டரிடம் போகவில்லை. காரணத்தை நானே முடிவு செய்துவிட்டேன். பக்கத்துக் கொட்டகையில் ஆம்பூர்க்காரர் ஒருவர், மனைவியோடு மிளகாய் அரைக்கும் மில் நடத்திவந்தார். பாய் என்றுதான் கூப்பிடுவேன். அந்தத் தூள்தான் என் தொண்டையை அரிக்கிறது என்று சத்தம் போட்டேன்.  அவர் தூள் பறந்து வராமல் இருக்க நடுவில் ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிட்டார். நான் வருவதற்கு முன்பே மிளகாயை அரைத்து முடித்தார். வாரம் ஒரு பொட்டலம் பனங்கற்கண்டு வேறு. "பால்ல போட்டுக் குடிங்கணா" என்பார்.

அதையும் குடித்துக்கொண்டே, கொட்டகைச் சொந்தக்காரரிடம் போய், "ஒன்று அவர் இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன்" என்றேன். நான்கு கொட்டகைக்காரன் பேச்சுதானே எடுபடும்? அந்த மாதக் கடைசியில் மில்லைக் கழற்றி டெம்போவில் ஏற்றினார்கள். வேறு இடம் கிடைக்காமல் மில்லையே விற்றுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மில் போய் மூன்று மாதமாகியும் கனைப்பு போகவில்லை. புற்றுநோயோ என்று பயம் பிடித்துக்கொண்டது. அப்புறம்தான் தொண்டை டாக்டரிடம் போனேன். சின்ன வயசுப் பெண். மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பார்த்து, புற்று இல்லை என்றார். உயிர் வந்தது. பிறகு, அந்த ஊர் வழக்கப்படி சித்தப்பா என்ற அர்த்தத்தில் "காகா" என்று அழைத்து, சாப்பாட்டு வழக்கத்தை இந்தியில் விசாரித்தார். பெருமையாகவே சொன்னேன்: நாளைக்குப் பதினைந்து டீ, ராத்திரி பதினொரு மணிக்கு வயிறு முட்ட மட்டன், கை கழுவியதும் படுக்கை. நெஞ்செரிச்சல் என்றால் என்னவென்றே தெரியாது.

வயிற்று அமிலம் தொண்டைவரை ஏறிக் குரல்நாணைப் புண்ணாக்கியிருக்கிறது என்றார். நெஞ்சு எரியாமலே பலருக்கு இப்படி வருமாம்.

"பக்கத்துல ஒரு மிளகாய் மில் இருந்துச்சு, எடுத்து மூணு மாசமாச்சு. அந்த நெடியால வந்திருக்குமா?"

"மில்தான் போயிடுச்சே, காகா. இது வெளியிலேர்ந்து வரல. உங்க வயித்துலேர்ந்து வருது."

எனக்கு அந்த ஈரச் சாக்கு கண்முன் வந்தது.

வெறும் வயிற்றில் மாத்திரை. எட்டு மணிக்குள் சாப்பாடு. கட்டில் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல். டீ இரண்டோடு சரி. மூன்று மாதத்தில் குரல் தேறிவிட்டது.

பாய் எங்கே என்று விசாரித்துக்கொண்டு, புனேயின் இன்னொரு கோடியில் இருக்கும் நிக்டிக்குப் போனேன். யாருடைய மாவு மில்லிலோ பாய் கூலிக்கு நின்றார். தாடியெல்லாம் மாவு. என் குரலைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே, தொண்ட தெறந்துடுச்சே! பாத்தீங்களா, எங்க மில்லு போனதும் சரியாப் பூடுச்சு. நம்மளால ஒரு மனுசருக்கு இவ்ளோ கஷ்டமான்னு வூட்டுக்காரி அழுதுகினே இருந்தாண்ணா."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். "ஆமா பாய், சரியாயிடுச்சு" என்றுதான் வாயில் வந்தது. கொண்டுபோன ஸ்வீட் பெட்டியை அவர் கையில் திணித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மனசு கேட்காமல் மறுபடி போனபோது, குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள்.

தன் மிளகாய்தான் ஒரு மனுஷனின் தொண்டையைக் கெடுத்தது என்று அந்த அம்மா இன்றைக்கும் எங்கோ நம்பிக்கொண்டிருப்பார்; அது பொய் என்று தெரிந்தும் உண்மையைச் சொல்ல வாயைத் திறக்காமல் வந்தவன், இத்தனை வருடம் கழித்து, அவர் பெயரைக்கூட எழுதாமல், உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.