ராசாவுக்குச் செய்த அர்ச்சனை

1. முதல் நாள் சொல்லித் தந்தது

டொல்மெச்சர் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். டொல்மெச்சர் என்றால் வேறொன்றுமில்லை. ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் சமூக உதவி அலுவலகத்திலும் டொச்சை, அதாவது ஜெர்மன் மொழியை, தமிழாக்கியும் தமிழை டொச்சாக்கியும் சொல்லும் ஆள். இருபது வருடம் அதைச் செய்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்த கதைகளும் உண்டு. ஆனால் அவை என் மனைவிக்கே அலுத்துவிட்டன. அதனால் மூக்குடைபட்ட கதையைச் சொல்கிறேன். கதையில் வருபவரிடம் கேட்டு, பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன்.

பயிற்சியின் முதல் நாள் எங்களைப் படிப்பித்த அம்மா மூன்று விதிகள் சொன்னார். அறைக்குள் யார் எதைச் சொன்னாலும் அதை மற்றவருக்குச் சொல்ல வேண்டும், ஒரு சொல்லும் ஒளிக்கக் கூடாது. உங்கள் சொந்த அபிப்பிராயத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். நோயாளியோடு தனியே இருந்து கதைக்கக் கூடாது.

மூன்றாவது விதியை எந்தத் தமிழனாலும் காப்பாற்ற முடியாது. காத்திருக்கும் இடத்தில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டு ‘எந்த ஊர்’ என்று கேட்காமல் இருப்பவன் வேறு ஏதோ இனம். இரண்டாவது விதியை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். அறைக்குள் அடக்கி வைத்த அபிப்பிராயம் எல்லாவற்றையும் சுவிஸில் நாங்கள் இருக்கும் ஊரான ஊஸ்டரில், மலர் அக்காவின் தமிழ்க் கடையில் கொண்டுபோய்க் கொட்டினேன். முதலாவது விதி என்னை என்ன செய்தது என்பதுதான் இந்தக் கதை.

2. கடையில் நடந்த வைத்திய மாநாடு

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் ஒருவரையும் கொல்லாமலே அந்தப் பட்டத்தை எடுத்தவன். டொக்டர்மாருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிற ஆள் என்பதால் சனம் என்னிடம் வந்து நாரி நோவுக்கு மருந்து கேட்கும். எனக்குத் தெரியாது என்று நானும் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு பெப்ரவரியில், எங்கள் பாட்டன்மாரை ஆண்ட வெள்ளைக்காரக் குடும்பத்தின் ராசாவுக்குப் புற்றுநோய் என்று செய்தி வந்தது. எந்த இடத்தில் என்று அரண்மனை சொல்லவில்லை. அதைச் சொல்லும் பொறுப்பைச் சனிக்கிழமை மலர் அக்காவின் கடையில் நின்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் ஈரல் என்றார், ஒருவர் குடல் என்றார். இன்னொருவர் எங்களிடம் கொள்ளையடித்துக்கொண்டு போனதற்குக் கிடைத்த தண்டனை என்று தொடங்கினார். மலர் அக்கா கறிவேப்பிலையை நிறுத்துக்கொண்டே அவரை அடக்கினார். ஊரில் அக்காவின் தங்கைக்கும் இதே வருத்தம். அவள் கொழும்புக்கு பஸ்ஸில் போய், மெஷின் பழுது என்று திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடியும் போய்க்கொண்டிருந்தாள். ராசாவுக்கு மெஷின் பழுதாகாது என்று மட்டும் அக்கா சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் என் பேருரை தொடங்கியது. ராசாவைப் பாருங்கள், ஏதோ பிழை என்றதும் உடனே காட்டினார், உலகத்துக்கே சொன்னார், எங்கள் ஆண்கள் செத்தாலும் டொக்டரிடம் போகமாட்டார்கள் என்று வெளுத்து வாங்கினேன். நடுவில் இரண்டு தரம் உரையை நிறுத்திவிட்டு மலர் அக்காவின் கடைக்குப் பின்னால் இருந்த கழிப்பறைக்குப் போய் வந்தேன். ஒரு வருடமாக எனக்குச் சலம் போவதில் தொல்லை. அதை நான் வயது என்று பெயர் வைத்து வளர்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே நின்றவர்களில் ஒருவர் சிவநேசன். ஒரு ரெஸ்டாரண்ட் குசினியில் நெடுங்காலம் வேலை செய்கிறவர், என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். கடைசியில்தான் வாய் திறந்தார். வெள்ளிக்கிழமை கோயிலில் ராசாவின் பெயரில் ஒரு அர்ச்சனை செய்தால் என்ன என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். எனக்கு அது பெரிய யோசனையாகப் பட்டது. உலக நடப்புத் தெரிந்தவன் என்ற முறையில் நானும் கூடப் போனேன்.

ஐயர் சிட்டையை வாங்கிப் பெயரைக் கேட்டார், சொன்னோம். நட்சத்திரம் கேட்டார். சிவநேசன் என்னைப் பார்த்தார். ராசாவின் பிறந்த திகதியைப் போனில் எடுத்தேன். அதற்கு மேல் எப்படிக் கணிப்பது என்று எனக்குத் தெரியாது. ஆனால் தெரியும் என்று வரும் வழியிலேயே சொல்லியாகிவிட்டது. பின்னால் வரிசை நீண்டுகொண்டு போனது.

“என்ர நட்சத்திரத்தையே போடுங்கோ ஐயா, பூரட்டாதி,” என்றார் சிவநேசன். “கடவுளுக்கு ஆளை விளங்கும்.”

அப்படியாக ராசா பூரட்டாதியில் பிறந்தார்.

3. ஓம் டொக்டர்

அடுத்த கிழமை எனக்கு ஆஸ்பத்திரியில் ஒரு வேலை வந்தது. சிறுநீர்ப் பிரிவு, தமிழ் ஆண், அவ்வளவுதான் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் காத்திருக்கும் இடத்தில் சிவநேசன் இருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து போகத்தான் பார்த்தார். பிறகு இருந்துவிட்டு, கடையில் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். சொல்லவே மாட்டேன், அது எங்கள் வேலையின் சட்டம் என்றேன். மூன்றாவது விதி அத்தோடு போயிற்று.

டொக்டர் இளம் பெண். நல்ல டொக்டர்கள் டொல்மெச்சரைப் பார்க்காமல் நோயாளியின் முகத்தைப் பார்த்துத்தான் கதைப்பார்கள். இவரும் அப்படித்தான். புரஸ்டேட்டுக்கான இரத்தப் பரிசோதனையில் அளவு கூட இருக்கிறது, போன முறையைவிட ஏறியிருக்கிறது, ஸ்கேன் எடுத்து, ஊசியால் தசை எடுத்துப் பார்க்க வேண்டும், வருகிற கிழமையே இடம் இருக்கிறது என்றார். நான் தமிழில் சொன்னேன்.

“ஓம் டொக்டர்,” என்றார் சிவநேசன்.

பிள்ளைகளே, எங்கள் ஆட்களின் ‘ஓம் டொக்டர்’ சம்மதம் இல்லை, மரியாதை. அதைக் கேட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டாதீர்கள். டொக்டருக்கும் அது தெரிந்திருந்தது. அப்படியென்றால் செவ்வாயா வியாழனா என்று கேட்டார். சிவநேசன் கொஞ்சம் யோசித்தார்.

“அடுத்த ஜனவரி வரட்டும் டொக்டர்.”

ஜனவரி அப்போதுதான் முடிந்திருந்தது. டொக்டர் காரணம் கேட்க, அவர் பிரான்ஷீஸ் என்று ஒரே சொல்லில் பதில் சொன்னார். சுவிஸில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே எல்லோருக்கும் காப்புறுதி உண்டு. ஆனால் வருடத்தில் வரும் மருத்துவச் செலவில் முதல் பங்கை நாங்களே கட்ட வேண்டும். அந்தப் பங்குக்குப் பெயர்தான் பிரான்ஷீஸ். அதைக் கூட்டி வைத்தால் மாதக் கட்டணம் குறையும். ஆகவே கையில் இல்லாதவன்தான் ஆகக் கூடிய பிரான்ஷீஸை எடுப்பான், பிறகு ஒரு வருத்தமும் வரக் கூடாது என்று பிள்ளையாரைக் கும்பிடுவான். அதைக் குறைப்பதென்றால் ஜனவரியில்தான் மாற்றலாம். சிவநேசனின் மகள் படித்துக்கொண்டிருந்தாள், மனைவிக்கு அரைநேர வேலை. கணக்கு அவரளவில் சரியாகத்தான் இருந்தது.

டொக்டரின் கணக்கு வேறு. இது புற்றுநோயாக இருந்தால் இப்போதைக்கு அந்த இடத்துக்குள்ளேயே நிற்கக்கூடும், ஜனவரி வரைக்கும் அங்கேயே நிற்கும் என்று நான் வாக்குத் தர முடியாது என்று மெதுவாகச் சொன்னார். நானும் மெதுவாகவே தமிழில் சொன்னேன்.

சிவநேசன் டொக்டரைப் பார்க்கவில்லை. கதிரையை என் பக்கம் திருப்பினார்.

“அண்ணை, நீங்களெண்டால் என்ன செய்வியள்?”

4. மூன்று பேர் வேலை

இந்தக் கேள்வி வரும் என்று பயிற்சியிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். பதில் சொல்லக் கூடாது, கேள்வியை அப்படியே மொழிபெயர்த்து டொக்டரிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தேன். அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். பேனையைக் கீழே வைத்தார். எனக்கு ஆட்சேபனை இல்லை, நீங்கள் பதில் சொல்லலாம் என்றார்.

உடனே செய்வேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கடையில் பேசிய பேருரை நாக்கு நுனியில் ஆயத்தமாக இருந்தது. அதற்குள் சிவநேசன் முந்திக்கொண்டார்.

“கடையில கதைச்சுக்கொண்டு நிக்கேக்க ரெண்டு தரம் பின்னால போனியள். நான் கண்டனான்.”

அறைக்குள் சொன்ன எதையும் ஒளிக்கக் கூடாது. நான் டொச்சில் சொன்னேன், என் வாயால், நானே கடையில் இரண்டு தரம் கழிப்பறைக்குப் போனதை. டொக்டர் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். எவ்வளவு காலமாக, எங்கேயாவது காட்டினீர்களா என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியைச் சிவநேசனுக்குத் தமிழில் சொன்னேன். என் பதிலை டொக்டருக்கு டொச்சில் சொன்னேன். பிறகு அதே பதிலைத் தமிழில் சொன்னேன். ஒரு ஆளின் சம்பளத்துக்கு மூன்று பேர் வேலை.

பதில் இதுதான். ஒரு வருடமாக இருக்கிறது. எங்கேயும் காட்டவில்லை. எனக்கும் ஆகக் கூடிய பிரான்ஷீஸ்தான். நானும் ஜனவரி ஜனவரி என்று இருந்து, வந்த ஜனவரியையும் தாண்டிவிட்டேன்.

சிவநேசன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப ராசா மட்டும்தான் உடன காட்டவேணுமோ அண்ணை?”

காசு என்று சொல்ல நினைத்தேன், அது பொய்யும் இல்லை. ஆனால் அது பாதிதான். மற்றப் பாதி பயம். காசில்லை என்று சொன்னால் ஆம்பிளைக்கு மரியாதை குறையாது, பயம் என்றால் குறையும். ராசாவுக்கும் பயம் இருந்திருக்கும். ஆனால் பயத்துக்குச் சாட்டுச் சொல்ல அவரிடம் ஒரு பிரான்ஷீஸ் இல்லை, அவருக்காக டொக்டர்மார் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். நாங்கள் அந்தச் சாட்டை மாதாமாதம் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறோம்.

“எனக்குப் பயம், சிவநேசன்,” என்றேன். அதையும் டொச்சில் சொன்னேன்.

அவர் தன் கைகளைப் பார்த்தார். குசினி வேலையில் சுட்டுக்கொண்ட தழும்புகள் நிறைந்த கைகள்.

“நீங்கள் செய்தால் நானும் செய்யிறன்,” என்றார்.

டொக்டர் அதைக் கேட்டுவிட்டு, வியாழக்கிழமை என்று கணினியில் அடித்தார். என்னை என் குடும்ப டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார். சிவநேசனின் பங்கைத் தவணையில் கட்ட ஆஸ்பத்திரியின் சமூக சேவைப் பிரிவு ஒழுங்கு செய்து கொடுத்தது. அப்படி ஒரு வழி இருப்பது எனக்கு முன்னமே தெரியும். எத்தனையோ பேருக்கு அதை மொழிபெயர்த்திருக்கிறேன்.

5. கதிரை

என் முறை வந்தபோது அதே அறை, அதே டொக்டர். பழக்கதோஷத்தில் நேரே போய் மூலையில் டொல்மெச்சரின் கதிரையில் இருந்துவிட்டேன். டொக்டர் கதவைப் பார்த்தார், நோயாளி இன்னும் வரவில்லையா என்று கேட்டார். நான்தான் என்றேன். துணைக்கு வந்த சிவநேசன் என்னை எழுப்பி மற்றக் கதிரையில் இருத்திவிட்டு, தான் மூலையில் இருந்தார்.

இருபது வருடம் மற்றவர்களின் வருத்தத்தைத் தண்ணிபட்ட பாடாகச் சொன்னவன், என்ன தொல்லை என்று கேட்டதும் இரண்டு மொழியிலும் ‘அது... வந்து...’ என்று முழித்தேன். கடைசியில் சிவநேசன்தான் தன் குசினி டொச்சில், அண்ணை ஒரு சொல்லுக்கு ஒரு தரம் கழிப்பறைக்குப் போகிறவர், மனைவிக்கும் நித்திரை இல்லை என்று எடுத்துச் சொன்னார். நானாக இருந்தால் இதைவிட இலக்கணமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் டொக்டருக்கு விளங்கிவிட்டது.

எனக்கு வந்தது வெறும் வீக்கம், வயது போனவர்களுக்கு வருவது. குளிசை தந்தார்கள். சிவநேசனுக்கு வந்தது புற்றுநோயேதான். அந்தச் செய்தியைச் சொல்லும் நாளில் அவர் என்னையே டொல்மெச்சராகக் கேட்டிருந்தார். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனால் குரலைப் பற்றி விதி ஒன்றும் இல்லை. வெளியே பரவவில்லை, இந்தக் கட்டத்தில் கண்டது நல்லது என்று டொக்டர் சொன்னபோது சிவநேசன் “ஓம் டொக்டர்” என்றார். அன்றைக்கு அது சம்மதம்தான்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதில் பாடம் என்னவென்றால், எல்லாவற்றையும் மொழிபெயருங்கள், உங்களுக்கு எதிராகச் சொன்னதையும் சேர்த்து. அதோடு, நோயாளி கேட்கப்போகும் அந்தக் கேள்விக்கு வீட்டிலேயே ஒரு பதில் தேடி வைத்துக்கொண்டு போங்கள்.

ஒப்பரேஷன் முடிந்து, நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சிவநேசன் என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு அர்ச்சனைச் சிட்டை எடுத்தார். ஐயர் எங்களை மறக்கவில்லை. ராசாவுக்கோ என்று கேட்டார்.

“ராசாவைப் பாக்க ஆக்கள் இருக்கினம் ஐயா. இது எங்கட பேரில.”

தன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். என் பெயரையும் சொன்னார். நட்சத்திரம் என்ன என்று ஐயர் என்னைக் கேட்டார். வழக்கமாக அதைச் சொல்வது என் மனைவி. எத்தனையோ பேருக்காக வாய் திறந்த எனக்கு அந்த நேரம் என் நட்சத்திரம் வரவே இல்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டு போனது.

“பூரட்டாதியே போடுங்கோ,” என்றார் சிவநேசன்.